ஈ கட்டியவர்கள்

ஆங்கிலத்தில் தூண்டில் பற்றி அச்சான முதல் நூலை எழுதியது யார் என்று கேட்டால், மீன்பிடிப்பவர்கள் பல தலைமுறைகளாக ஒரே பெயரைத்தான் சொல்லிவந்தார்கள்: டேம் ஜூலியானா பெர்னர்ஸ். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்கு அருகே இருந்த சாப்வெல் கன்னிமடத்தின் தலைவி. 1496-இல் விங்கின் டி வோர்ட் என்ற அச்சாளர் வெளியிட்ட அந்த நூல், கோலை எப்படிச் செய்வது, குதிரைவால் மயிரை எப்படிச் சாயம் தோய்த்து முறுக்குவது, எந்த மாதத்தில் எந்தப் பூச்சியைப் போல ஈ கட்டுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. மொத்தம் 12 ஈக்கள். அடுத்தவன் வேலியை உடைக்காதே, திறந்த படலைச் சாத்திவிட்டுப் போ, தேவைக்கு மேல் பிடிக்காதே என்ற புத்திமதிகளும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், அப்படி ஒரு மடத்தலைவி இருந்ததற்கு ஆதாரமே இல்லை. நூலின் 1486 முதல் பதிப்பில் மீன்பிடிப்புப் பகுதியே கிடையாது. அதில் வேட்டை பற்றிய பகுதியின் கடைசியில்தான் அந்தப் பெயர் வருகிறது. பத்து வருடம் கழித்துச் சேர்க்கப்பட்ட மீன்பிடிப்புப் பகுதியில் எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. சாப்வெல் தலைவியர் என்று கிடைக்கும் பெயர்களிலும் அவர் இல்லை. உயர்குடியில் பிறந்தவர், வேட்டையில் தேர்ந்தவர் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டது.

ஆக, இந்த விளையாட்டில் பெண்களின் வரலாறு ஆளில்லாத ஒரு பெயரில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நடந்தது தலைகீழ். ஆட்கள் நிறைய இருந்தார்கள், பெயர்தான் இல்லாமல் போச்சு.

இந்த விளையாட்டு நம் ஆற்றங்கரைத் தூண்டிலிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. நாம் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கையை மிதக்கவிட்டு, ஈயக்குண்டின் கனத்தில் நரம்பை வீசுகிறோம். ஃப்ளை ஃபிஷிங்கில் இரையே கிடையாது. முள்ளின்மேல் இறகும் நூலும் முடியும் வைத்துக் கட்டிய ஒரு போலிப் பூச்சி, அவ்வளவுதான். அதற்கு எடையே இல்லை என்பதால் அதை வீச முடியாது. கயிற்றின் கனத்தைத்தான் வீச வேண்டும். கயிறு தலைக்குமேல் பின்னால் போய், விரிந்து, முன்னால் வந்து, பூச்சி விழுவதுபோல ஈ தண்ணீரில் விழ வேண்டும். ட்ரவுட்டோ சால்மனோ ஏமாந்தால் உண்டு.

எனவே இதில் இரண்டு கலைகள். ஒன்று, ஆற்றில் நின்று வீசுவது. இன்னொன்று, மேசையருகே உட்கார்ந்து ஈ கட்டுவது. பூ கட்டுகிற கையை நினைத்துக்கொள்ளலாம்: இடது விரல் பிடிக்க, வலது விரல் நூலைச் சுற்றி இறுக்கும் அதே லாவகம். புகழ் முதல் கலைக்குப் போனது. இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டு வாக்கில் பெரும்பாலும் பெண்களின் கூலிவேலையாகிவிட்டிருந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மான்செஸ்டர் என்ற சிற்றூரில், சார்லஸ் ஆர்விஸ் 1856-இல் தொடங்கிய தூண்டில் கடை இன்றும் பெரிய நிறுவனமாக இருக்கிறது. அதே வருடம் பிறந்த அவர் மகள் மேரி, இருபது வயதில் அங்கே ஈ கட்டும் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவருக்குக் கீழே கட்டியவர்களும் பெண்கள்தான். அன்றைக்கு இருந்த பெரிய தலைவலி பெயர்க் குழப்பம். ஒரே ஈக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் ஊருக்கு ஒரு ஈ. ஆர்டர் கொடுப்பவர் ஒன்றை மனதில் வைத்து எழுதுவார், கடையிலிருந்து வேறொன்று போகும். மேரி நாடு முழுக்க மீன்பிடிப்பவர்களிடமிருந்து கடிதங்கள் வாங்கினார். எந்த ஈ, எந்த ஆறு, எந்தப் பெயர், ஏன் என்று தொகுத்தார். 1892-இல் அது வண்ணப்படங்களோடு கனமான புத்தகமாக வந்தது. அமெரிக்க ஈக்களுக்கு அப்புறம்தான் நிலையான பெயர்கள் வாய்த்தன.

மேரி ஆர்விஸ் மார்பரியின் பெயர் அட்டையில் இருக்கிறது. கடிதம் எழுதிய ஆண்களின் பெயர்கள் உள்ளே இருக்கின்றன. அந்த ஈக்களைக் கட்டிய பெண்களைத் தேடினால் அவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஈக்கும் பெயர் சூட்டிய அறையில், கட்டியவர்களுக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை.

மேரியின் காலத்திலேயே, வடக்கே மேய்ன் மாநிலத்தில், ஒருத்தி ஆற்றுக்கே இறங்கிவிட்டார். கொர்னீலியா கிராஸ்பி, ஆறடி உயரம். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். உடம்பு சரியில்லாமல் போக, வெளிக்காற்றில் இருக்கச் சொன்னார் மருத்துவர். ரேஞ்ச்லி ஏரிகளின் பக்கம் போனவர் அந்த ஏரிகளுக்கே விளம்பரத் தூதர் ஆனார். 'ஃப்ளை ராட்', அதாவது தூண்டில்கோல், என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதினார். காடு காட்டும் வழிகாட்டிகள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று மேய்ன் 1897-இல் சட்டம் போட்டபோது, முதல் உரிமம் அவருக்குத்தான். நூற்றுக்கணக்கான ஆண் வழிகாட்டிகள் இருந்த மாநிலத்தில் ஒன்றாம் எண் ஒரு பெண்ணுக்கு.

அதே ரேஞ்ச்லி பகுதியில், அப்பர் டேம் என்ற இடத்தில், தொப்பி தைக்கும் கேரி ஸ்டீவன்ஸ் இருந்தார். கணவர் வழிகாட்டி. 1924 ஜூலை 1 அன்று வீட்டுவேலையைப் பாதியில் போட்டுவிட்டு, அங்குள்ள சின்ன மீன் ஒன்றைப் போலச் சாம்பல் இறகுகளை வைத்து ஓர் ஈயைக் கட்டிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தார். கட்டியதும் அணைக்கட்டுக்குப் போய் வீசினார். 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையுள்ள ட்ரவுட் மாட்டியது. ஒரு தேசியப் பத்திரிகையின் போட்டியில் இரண்டாம் பரிசு கிடைக்க, ஆர்டர்கள் குவிந்தன. அவர் பெயரை நிலைக்க வைத்த ஈ 'கிரே கோஸ்ட்', சாம்பல் ஆவி. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சிறு பிடிகருவி இல்லாமல் பெரும்பாலோர் ஈ கட்டுவதில்லை. இவர் கடைசிவரை விரலிலேயே பிடித்துக் கட்டினார்.

இந்த சாம்பல் ஆவியின் கன்னத்தில் நம்மூர் இருக்கிறது. மெழுகு பூசியதுபோல மஞ்சள் புள்ளி மினுங்கும் ஒரு சிறு இறகை இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்பது இந்த ஈயின் இலக்கணம். அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் விடியலில் கூவும் அதே பறவைதான். பிரிட்டனின் சால்மன் ஈக்களுக்கும் பெண்களின் தொப்பிகளுக்கும் இந்தியாவிலிருந்து இறகுகள் போய்க்கொண்டே இருந்தன. 1902-இல் காட்டுப்பறவை இறகு ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை போட்டது. தொப்பி தைப்பவர் ஒருவர் ஈ கட்டுபவராக மாறியது தற்செயல் இல்லை. இரண்டுக்கும் சரக்கு ஒன்று, விரல் பழக்கமும் ஒன்று.

இப்போது ஸ்காட்லாந்து. 1922 அக்டோபர் 7, டே நதி. படகோட்டியான தன் அப்பாவோடு போன ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு சால்மனைப் பிடித்தார். கிட்டத்தட்ட 29 கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராட்டம், கரைசேர்வதற்குள் இருட்டிவிட்டது. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் இன்றுவரை அதுதான். அவர் பயன்படுத்தியது ஈ இல்லை, சுழலும் இரை. ஆனால் இரண்டே வருடத்தில், 1924-இல், டெவரான் நதியில் கிளெமென்டினா மாரிசன் 61 பவுண்டு சால்மனைப் பிடித்தார். அது ஈயில். அந்த வகையில் பிரிட்டனின் உச்சம் அதுவே.

ஜார்ஜினாவின் மீனைப் பெர்த் நகரக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கூட்டத்தோடு நின்று அவரும் வேடிக்கை பார்த்தார். இவ்வளவு பெரிய மீனை எந்தப் பொம்பளையும் பிடித்திருக்க முடியாது என்று பக்கத்தில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டது காதில் விழ, சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கிழவர்களை விடுங்கள். பல பத்தாண்டுகள் கழித்து இதற்கு அறிவியல் விளக்கமே முளைத்தது: பெண்ணுடலின் வாசனை தண்ணீரில் கரைந்து ஆண் சால்மனைக் கவர்கிறதாம். 1990-இல் இதை அலசி ஒரு புத்தகம்கூட வந்தது. ஜார்ஜினா நதிக்கரையில் வளர்ந்தவர், படகோட்டியின் மகள். எந்த மடுவில் மீன் கிடக்கும், எப்போது நரம்பை விடணும், எப்போது இழுக்கணும் என்பது அவருக்குத் தெரியும். ஆண் பிடித்தால் அதற்குப் பெயர் திறமை. பெண் பிடித்தால் வாசனை.

அதே நாட்டின் வடகோடியில், பிரோரா ஊருக்கு அருகே, மெகன் பாய்ட் (1915–2001) என்பவர் கடல் பார்த்த ஒரு குடிசையில் உட்கார்ந்து அறுபது வருடம்போல ஈ கட்டினார். வாழ்க்கையின் பெரும்பகுதி குடிசையில் மின்சாரம் கிடையாது. கோட்டும் டையும்தான் உடை. இளவரசர் சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். 1971-இல் பிரிட்டிஷ் அரசு பதக்கம் அறிவித்தபோது, நாயைப் பார்த்துக்க ஆளில்லை என்று அரண்மனைக்குப் போகவில்லை. சால்மனைக் கொல்ல மனசு வராததால் அவர் மீன் பிடித்ததும் இல்லை. அவருடைய ஈக்கள் மட்டும் உலகத்து ஆறுகளுக்கெல்லாம் போயின. கடைசியில் கண்பார்வை மங்கித்தான் கை நின்றது.

இதற்கிடையே, ஆற்றங்கரைகளில் நல்ல இடங்களை வளைத்துப்போட்டிருந்த ஆண்கள் சங்கங்கள் பெண்களைச் சேர்க்காததால், 1932-இல் நியூயார்க்கில் பெண்களே தங்களுக்கொரு சங்கம் தொடங்கினார்கள். வீசும் கலையில் சுவரை உடைத்தவர் நியூஜெர்சியில் 1926-இல் பிறந்த ஜோன் வுல்ஃப். 1951-இல் ஆண்கள் மட்டுமே எதிரில் நின்ற தூரம் வீசும் போட்டியில் வென்றார். 1960-இல் 161 அடி வீசினார். நடனம் கற்றுக்கொடுத்தவர் என்பதால் உடம்பின் கனத்தை எங்கே மாற்றுவது என்று அவருக்குத் தெரியும். 1979-இல் பள்ளி தொடங்கிக் கற்றுக்கொடுக்க வந்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. பார்த்துப் பழகிக்கோ என்பதுதான் அதுவரை பாடம், கையசைவின் கட்டங்களுக்குச் சொற்களே இல்லை. அவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்து, 1987-இல் புத்தகமாக எழுதினார். இன்று பல ஆண் பயிற்சியாளர்கள் வாயிலும் அந்தச் சொற்கள்தான்.

மேரி ஈக்களுக்குப் பெயர் தந்தார், ஜோன் அசைவுக்கு. இந்த விளையாட்டு பேசும் மொழியில் பாதிக்கு மேல் பெண்கள் போட்ட அடித்தளம். ஆனாலும் தூண்டிலோடு நிற்கும் பெண் இன்னும் பலருக்கு ஒரு புதுமைச் செய்தியாகத்தான் தெரிகிறாள்.

ஈ கட்டும் வேலை எங்கே போச்சு என்பதையும் சொல்லிவிடணும். ஈயைக் கட்ட இன்றுவரை இயந்திரம் ஈடுகொடுக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கை கட்டியதுதான். மேற்குநாட்டுக் கடைகளில் விற்கும் ஈக்களில் பெரும்பங்கு கென்யாவிலும் தாய்லாந்திலும் இலங்கையிலும் உள்ள பட்டறைகளிலிருந்து போகிறது. அங்கே நீண்ட மேசைகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே மிகுதி. தாங்கள் கட்டும் ஈயைத் தின்கிற மீனை அவர்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பாக்கெட்டில் ஈயின் பெயர் இருக்கும், முள்ளின் அளவு இருக்கும், நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கட்டியவள் பெயருக்கு இன்னும் இடம் விடவில்லை.