கப்பல் பயணமும் தேங்காயெண்ணெய் வழக்கும்

எங்களோடு படிப்பித்து ஓய்வு பெற்ற சேர் ஒருவர். முப்பத்தைந்து வருட சேவை. பென்ஷனோடு கிடைத்த காசில் ஒரு பங்கை எடுத்து, "வாழ்க்கையில ஒரு தடவையாவது கப்பல்ல போய்ப் பார்ப்பம்" என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனார். அங்கிருந்து நான்கு நாள் சொகுசுக் கப்பல் பயணம். பயண முகவர் யார், கப்பல் எது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

போய் வந்து அவர் சொன்ன கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. கப்பலில் ஏறுவதற்கே துறைமுகத்தில் ஏழு மணித்தியாலம் காத்திருப்பு. முழங்கால் வருத்தக்காரியான டீச்சர் சூட்கேஸுக்கு மேலே உட்கார்ந்திருந்தா. துண்டுப்பிரசுரத்தில் படம் போட்டிருந்த இரண்டு துறைமுகங்களில் ஒன்றுக்குக் கப்பல் போகவே இல்லை. அறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டில் நனைந்தது. கவுண்டரில் போய்ச் சொன்னால் "நாளைக்குப் பார்ப்போம்". நாளை வந்தது, யாரும் வரவில்லை. ஹலால் சாப்பாடு தனியாக உண்டு என்று முகவர் அடித்துச் சொன்னாராம். மூன்று நேரமும் சோறும் முட்டையும்தான்.

"முறைப்பாடு செய்தீங்களா சேர்?" என்று கேட்டேன்.

"கப்பல் போச்சு, வந்திச்சு. உயிரோட வந்து சேர்ந்தம். மனசு நொந்ததுக்கெல்லாம் எவன் காசு தருவான்?"

வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் தூக்கம் வராது. இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான ஒரு அத்தியாயம் நடந்தது வேறெங்குமில்லை, நமது நீர்கொழும்பிலும் ஹெந்தலவிலும்.

முதலில் 1875. இங்கிலாந்தில் ஹொப்ஸ் என்பவர் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நள்ளிரவு ரயிலில் ஏறினார். டிக்கெட் ஹம்டன் கோர்ட்டுக்கு. ரயில் வேறு பாதையில் போய் ஈஷர் என்ற இடத்தில் இறக்கிவிட்டது. வண்டியும் இல்லை, தங்க இடமும் இல்லை. தூறல் மழையில் பல மைல் நடந்தே வீடு போனார்கள். மனைவிக்குக் காய்ச்சல் சளி. நடந்த சிரமத்துக்கு 8 பவுண், மனைவியின் நோய்க்கு 20 பவுண் என்று யூரிமார் தீர்மானித்தார்கள். நீதிமன்றம் 8 பவுணை மட்டும் விட்டுவைத்து 20 பவுணை வெட்டியது. கால் நோக நடந்தால் நட்டஈடு உண்டு, ஆனால் எரிச்சலுக்கும் ஏமாற்றத்துக்கும் கிடையாது என்பது அன்றைய நீதிபதிகளின் நிலைப்பாடு. எங்கள் சேர் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். அவர் 1875 இல் நிற்கிறார்!

இந்த நிலைப்பாடு கிட்டத்தட்ட நூறு வருடம் அசையவில்லை. அசைத்தவர் ஜார்விஸ் என்ற ஒரு சட்டத்தரணி. 1969 டிசம்பரில் 63 பவுண் 45 பென்ஸ் கட்டி சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போனார். ஒரே விருந்தும் கூட்டமுமாக இருக்கும் என்று பிரசுரம் சொன்னது. முதல் வாரம் பதின்மூன்று பேர். இரண்டாம் வாரம் இவர் மட்டும் தனியே! ஹோட்டல்காரருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே பேசுவதற்கும் ஆளில்லை. மாலைத் தேநீருக்குக் கேக் என்றார்கள், கிடைத்தது உருளைக்கிழங்குப் பொரியலும் காய்ந்துபோன கேக்கும். பாட்டுக்காரர் ஒருவர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனார். கீழ் நீதிமன்றம் பாதிக் காசைக் கொடுத்தது. 1972 இல் டெனிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண் கொடுத்தது, அதாவது கட்டிய காசைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. விடுமுறை விற்கிறவன் விற்பது கட்டிலையும் சாப்பாட்டையும் மட்டுமல்ல, மகிழ்ச்சியையும்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஜாக்சன் என்ற இளம் வியாபாரி. மூன்று வயது இரட்டை ஆண் பிள்ளைகள், கைக்குழந்தை ஒன்று. 1971 ஜனவரியில் நான்கு வாரம் இலங்கையில் கழிக்க ஏற்பாடு. அப்போது நமது நாட்டுக்குப் பெயர் சிலோன். உல்லாசப் பயணச் சபை தொடங்கி ஐந்து வருடம்தான், கடற்கரை ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மனிதர் விவரமானவர். எல்லாம் உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் அறைக்கும் தங்கள் அறைக்கும் இடையில் கதவு வேண்டும் என்றெல்லாம் எழுத்தில் கொடுத்திருந்தார். அவர் விரும்பியது ஹெந்தல பெகசஸ் ரீஃப் ஹோட்டல். அது கட்டி முடியவில்லை. ஆகவே முதலில் நீர்கொழும்பில் வேறொரு ஹோட்டலைக் கொடுத்து, விலையையும் 1,200 பவுணுக்குக் குறைத்தார்கள்.

வந்து பார்த்தால் இடையில் கதவு இல்லை. பிள்ளைகளின் அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். மலசலகூடத்தில் கறை, ஷவரில் அழுக்கு, குளிக்கும் தொட்டி கிடையாது. பிரசுரத்தில் இருந்த பல வசதிகளைக் காணவில்லை. சாப்பாடோ வாயில் வைக்க முடியாதபடி. எதை வாயில் வைத்தாலும் தேங்காயெண்ணெய் வாசமாம்! நமக்கு அது உம்மாவின் அடுப்படி வாசம், அவர்களுக்கு நீதிமன்றம் போகும் அளவுக்கு ஒரு முறைப்பாடு. இந்த ஒரு விடயத்தில் மட்டும் என் மனம் ஹோட்டல் சமையல்காரன் பக்கம்தான். இரண்டு வாரம் கழித்து ஹெந்தலவுக்கு மாறினார்கள். அங்கே கட்டட வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

லண்டன் போய் வழக்குப் போட்டார். நீதிபதி 1,100 பவுண் கொடுத்தார். கம்பனி மேன்முறையீடு செய்தது. மறுபடியும் டெனிங் பிரபு. ஒப்பந்தம் போட்டது தகப்பன் மட்டும்தானே, மனைவி பிள்ளைகளின் ஏமாற்றத்துக்கும் அவருக்குக் காசு கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. குடும்பத்துக்காகப் பயணம் ஏற்பாடு செய்த தகப்பன் குடும்பத்துக்காகவே நட்டஈடும் கேட்கலாம் என்றார் டெனிங். 1,100 பவுண் அப்படியே நின்றது. அவர் சொன்ன காரணத்தைப் பின்னர் பிரபுக்கள் சபை விமர்சித்தது, ஆனால் கொடுத்த தொகை பிழை என்று சொல்லவில்லை. ஆங்கிலச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். நீர்கொழும்பு பூஞ்சணம் உலகப் புகழ் பெற்றது இப்படித்தான்.

சேர், "இதெல்லாம் ஹோட்டல் கதை, கப்பலுக்கு என்ன?" என்று கேட்பார். கப்பலுக்கும் இருக்கிறது. 1986 பெப்ரவரியில் சிட்னியிலிருந்து புறப்பட்ட மிகாயில் லெர்மொண்டோவ் என்ற சோவியத் உல்லாசக் கப்பல் நியூசிலாந்துக் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. ஊழியர் ஒருவர் இறந்தார். பதினான்கு நாள் பயணம் முடிவதற்கு முன்பே இது நடந்தது. அதில் போன டிலன் என்ற பெண்ணின் வழக்கை 1993 இல் அவுஸ்திரேலிய அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. முதல் நாட்களை அனுபவித்ததால் முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது, ஆனால் பாழாய்ப்போன விடுமுறையின் ஏமாற்றத்துக்கு நட்டஈடு உண்டு என்றது.

அதைவிட நம் கதைக்கு நெருக்கமானது மூர் வழக்கு. 2013 ஜூனில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை ஆற்றுக் கப்பல் பயணம். முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதால் நீண்ட நேரம் பஸ்ஸில் இருக்க முடியாது, அதற்காகவே கப்பலைத் தெரிந்தெடுத்தார். ஐரோப்பாவில் பெருவெள்ளம். கப்பல்கள் நகர முடியவில்லை. கப்பல் மாறி மாறி, கடைசியில் பெரும்பகுதி பஸ்ஸில்! வெள்ளம் கம்பனியின் குற்றமல்ல. நிலைமை தெரிந்தும் சொல்லாமல் ஆட்களை ஏற்றியதுதான் பிரச்சினை. வழக்கு பல வருடம் இழுபட்டு, 2020 ஏப்ரலில் அதே நீதிமன்றம் ஏமாற்றத்துக்கான 2,000 டொலர் அவருக்கு உண்டு என்று தீர்த்தது. தொகை சின்னது. ஆனால் மற்றப் பயணிகளுக்காகவும் சேர்த்து அவர் தொடுத்த கூட்டு வழக்கு அது.

இந்தத் தீர்ப்புகள் எதுவும் நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். விசாரித்துக் காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட சபைக்கு அதிகாரம் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது சேர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த டீச்சர்தான் எழும்பிப் போய், பிரசுரம், ரசீது, நனைந்த கட்டிலை ஃபோனில் எடுத்த படம் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தா. மூன்று மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் வீட்டில் கடிதம் எழுதுகிறோம். அதே கப்பலில் போன இன்னும் இரண்டு குடும்பம் நம் பக்கத்தில் இருப்பதாகக் கேள்வி. இதை வாசித்தால், ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.