கல் வழியில் ஒரு நாள்

மிதிவண்டிப் பந்தயங்களுள் பல நாட்கள் நீடிப்பன உண்டு. காலையில் தொடங்கி மாலையில் முடிவனவும் உண்டு. பின்னவற்றுள் தலையாயது பிரான்சு நாட்டின் பாரிஸ்–ரூபே பந்தயம். அதன் வழியில் மலை ஏதுமில்லை. ஆயினும் மலையேறும் வீரரும் அஞ்சுவர். காரணம், கருங்கல் பாவிய பழஞ்சாலைகளே.

ரூபே, பெல்ஜிய எல்லையை அடுத்த நெசவாலை நகரம். அங்குப் புதிதாக அமைந்த பந்தயத் திடலுக்குப் பெயர் தேடித் தர விரும்பிய தியோடர் வியேன், மோரிஸ் பெரெஸ் என்னும் ஆலை முதலாளிகள் இருவர், 1896-இல் இப்பந்தயத்தைத் தொடங்கினர். 280 கிலோமீட்டரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மிதித்து முதற்பரிசு பெற்றவர், ஜெர்மானியரான ஜோசப் பிஷர்.

முதல் உலகப் போரின்போது பந்தயம் நின்றது. 1919-இல் வழியைப் பார்வையிடச் சென்றோர் கண்டவை, குண்டுக் குழிகளும் கருகிய மரங்களும் இடிந்த ஊர்களுமே. அன்று இட்ட 'வட நாட்டு நரகம்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

இரண்டாம் போருக்குப்பின் ஊர்கள் வளம்பெற்றன. கற்சாலை தம் ஊருக்கு இழுக்கென்று கருதித் தார் இட்டனர். கல் அருகியது, பந்தயத்தின் தனித்தன்மையும் தேய்ந்தது. அப்போது உதவியவர் ஜான் ஸ்தாபிலின்ஸ்கி. இளமையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1962-இல் உலகச் சாம்பியன். அவர் காட்டிய அரன்பேர்க் காட்டுப் பாதை 1968-இல் பந்தயத்தில் சேர்ந்தது. அப்பாதையின் கீழே சுரங்கத்தில் உழைத்து, மேலே மிதிவண்டியிலும் சென்றவர் அவர்! அச்சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. பாதையோ நிலைத்திருக்கிறது.

அதனைக் காக்கவே 1983 முதல் அன்பர் சங்கமொன்று இயங்குகிறது. பெயர்ந்த கற்களை மீண்டும் பதிப்பது அவர்தம் தொண்டு. 1977 முதல் வெற்றியாளர் பெறும் நினைவுப் பரிசும் ஒரு கல்லே. 2021 முதல் மகளிரும் இவ்வழியில் போட்டியிடுகின்றனர்.

இருப்புப்பாதை ஊழியராகிய நாம் மறவாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2006-இல் மூவர், மூடிய ரயில்வே கேட்டைக் கடந்து விரைந்தனர். பின்வந்தோர் சரக்கு வண்டி செல்லும்வரை காத்து நின்றனர். இறுதியில் இரண்டு, மூன்று, நான்காம் இடங்களில் வந்த அம்மூவரும் நீக்கப்பட்டனர். நின்றவருள் ஒருவரான டாம் போனன் இரண்டாமிடம் பெற்றார். பந்தயத்திலும் கேட் கேட்டே!

இப்பந்தயத்தின் கவர்ச்சி யாது? இங்கு வலிமை மட்டும் போதாது. சக்கரம் பழுதாகும்; வண்டி சறுக்கும்; சேறு முகம் மறைக்கும். வென்றவரைப் போலவே, விழுந்தெழுந்து நெடுநேரம் கழித்துத் திடலுக்குள் வருபவரையும் மக்கள் கைதட்டி வரவேற்கின்றனர்.

உழைத்த ஆலைகள் பல மறைந்தன, சுரங்கம் ஓய்ந்தது. உழைத்தோர் நடந்த கற்கள் இன்று மதிப்புற்றுக் காக்கப்படுகின்றன. ஓர் ஊர் இழுக்கென்று ஒதுக்கியதே பின்னர் அதன் பெருமையாயிற்று. பழையதொன்றைக் களையுமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறுவது.