ஊருக்கு ஊர் வேறு புகை

அவிநாசிக்கு வடக்கே இருக்கும் சேவூரை வெளியூர் வியாபாரிகள் நிலக்கடலை ஏலத்தால் அறிவார்கள். தெற்கே திருப்பூர் வரை பனியன் தொழில். இந்த வட்டாரத்தின் மாசு வரலாறு என்றால் பேச்சு நொய்யலில்தான் தொடங்கும்: சாயத் தண்ணீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. நிறம் மாறிய தண்ணீரைக் காணக் கருவி தேவையில்லை. அதே பட்டறைகளின் பாய்லர்களும், 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் இரவு பகலாக ஓடிய டீசல் ஜெனரேட்டர்களும் விட்ட நைட்ரஜன் ஆக்சைடு யார் கண்ணிலும் படவில்லை. வெயிலில் அது கரிம ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கும். ஓசோனைத் தாங்காத பயிர்களில் நிலக்கடலையும் ஒன்று என்பதால், சாயப்பட்டறையின் புகை கடலைக் காட்டுக்காரருக்கும் சம்பந்தமில்லாதது அல்ல. நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் உலோக ஆக்சைடு வினையூக்கிகளின் கதை ஒரு பாடத்தைச் சொல்கிறது: அந்தந்த ஊர்ப் புகையில் கலந்திருக்கும் அழுக்கை அறிந்த பிறகே அவை ஒவ்வொரு முறையும் மேம்பட்டன.

அடிப்படை வினை எளியது. புகையில் அமோனியாவைக் கலந்து வினையூக்கியின் மேல் செலுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறும். 1957இல் அமெரிக்காவில் இதற்குப் பிளாட்டினத்தை வைத்துக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அது வேலை செய்த குறைந்த வெப்பநிலையில் வெடிக்கக்கூடிய அம்மோனியம் நைட்ரேட் உருவாகும் ஆபத்து இருந்தது. 1970 கோடையில் டோக்கியோவில் ஒளிவேதிப் புகைமூட்டத்தால் பள்ளி மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். 1973இல் ஜப்பான் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு மிகக் கடுமையான வரம்பு விதித்தது. அங்குள்ள வேதியியலாளர்கள் மலிவான வனேடியம் ஆக்சைடை நாடினார்கள். அதை அலுமினாவின் மேல் பூசியபோது, எரிபொருளின் கந்தகம் அலுமினாவைச் சல்பேட்டாக்கி நுண்துளைகளை அடைத்தது. டைட்டானியா அப்படிக் கெடவில்லை. 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் இயங்கும் வனேடியம்–டைட்டானியா வினையூக்கி இப்படித்தான் நிலைபெற்றது. டங்ஸ்டன் பிறகு அதன் ஆயுளைக் கூட்டியது.

1980களில் இதே சரக்கு ஜெர்மனிக்குப் போனது. சாம்பலை உருக்கி வெளியேற்றும் அங்குள்ள சில கொதிகலன்களில், நிலக்கரியின் ஆர்செனிக் ஆவியாகி வினையூக்கியை முடக்கியது. மாலிப்டினம் சேர்த்த கலவைதான் அதைத் தாங்கியது. ஜப்பானில் தேறியது ஜெர்மனியில் தேறாமல் போனதற்கு, வேதியியல் பொய்த்தது காரணமல்ல. புகை வேறாக இருந்தது.

இந்தியாவில் 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின்நிலையங்களுக்கு முதன்முறையாக நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு விதித்தது. நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். அது தேன்கூடு போன்ற வினையூக்கிக் கட்டிகளை அரித்துவிடும், வெளிநாட்டு முறை இங்கே பொருந்தாது என்று மின்நிறுவனங்கள் வாதிட்டன. 2004 முதல் 2016 வரை நிறுவிய நிலையங்களுக்கான 300 மில்லிகிராம் வரம்பு 2020இல் 450 ஆகத் தளர்ந்தது. வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஜெர்மனி இதே போன்ற சிக்கலில் வினையூக்கியை மாற்றியது. நாம் வரம்பை மாற்றினோம்.

திருப்பூர் வட்டாரத்தின் புகை வேறு ரகம். சாயமேற்ற நீராவி வேண்டும், பாய்லருக்குள் போவது பெரும்பாலும் விறகு. காற்றாலை இருக்கிறதே என்பார்கள். காற்றாலை தறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் மின்சாரம் தரும், சாயத் தொட்டியைச் சூடாக்கும் நீராவிக்கு இன்றும் விறகுதான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. வினையூக்கியில் அமோனியாவைப் பிடித்துவைக்கும் அமில இடங்களைப் பொட்டாசியம் அடைத்துவிடுவதால், பிறர் நிலக்கரிக்குத் தேர்ந்த கலவை இங்கே சீக்கிரம் சோர்ந்துபோகும். பாய்லர் புகை வடிகட்டிப் பைகளைத் தாண்டும்போது சூடு 150 டிகிரியை ஒட்டிக் குறைந்துவிடுவதும் வனேடியத்துக்கு ஒத்துவராது. இந்தக் குறைந்த சூட்டில் இயங்குவது மாங்கனீசு–சீரியம் ஆக்சைடு. அதன் பெரிய எதிரி கந்தகம்; நிலக்கரிப் புகையில் அது நிலைக்காமல் போக அதுவே முக்கியக் காரணம். விறகிலோ கந்தகம் மிகக் குறைவு. பொட்டாசியத் தூளையும் பைகளே பெருமளவு தடுத்துவிடும். மின்நிலையத்துக்கு உதவாதது சாயப்பட்டறைக்கு உதவலாம்.

சிறு பட்டறை இச்செலவைத் தாங்குமா, நைட்ரஜன் ஆக்சைடில் லாரிகளின் பங்குதானே பெரிது என்ற கேள்விகள் நியாயமானவை. லாரிக்கு 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதியும், புது ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் கடும் வரம்பும் வந்துவிட்டன. அவற்றுக்குரிய வினையூக்கி சந்தையிலேயே கிடைக்கிறது. விறகு பாய்லருக்கென்று யாரும் செய்துதரப் போவதில்லை. செலவுக்கு நொய்யல் அனுபவமே விடை. தனித்தனியாக முடியாததைப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் செய்தன. சாயக் கழிவின் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கிகளின் செலவு தாங்காதபோது, அந்த உப்புக் கரைசலையே திரும்பச் சாயமேற்றப் பயன்படுத்தும் வழி திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் உருவானது. இங்குள்ள கழிவை இங்கேயே ஆராய்ந்ததால் கிடைத்த வழி அது. புகைக்கும் வரிசை அதுதான்: முதலில் விறகு பாய்லர் புகையின் பொட்டாசியம், கந்தகம், சூடு ஆகியவற்றை அளக்க வேண்டும், அடுத்து ஒரு பொதுப் பாய்லரில் கலவைகளைச் சோதிக்க வேண்டும், வரம்பு அதன் பிறகு வரட்டும். வரிசை மாறினால், மின்நிலையங்களுக்கு நடந்தது போலவே, முதலில் தளர்வது விதியாகத்தான் இருக்கும்.