கீழாநெல்லியும் ஆய்வுக்கூடமும்

ஜாலான் புசார் போன்ற பழைய வட்டாரங்களில், நடைபாதை ஓரத்தில் மழைக்குப்பின் முளைக்கும் சிறு பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்று. இலைகளின் கீழே வரிசையாகக் காய்கள் தொங்குவதால் தமிழர் அதற்கு அப்பெயரிட்டனர். மலாய்க்காரர், குழந்தையைச் சுமத்தல் என்னும் பொருள்பட, ‘டுக்கோங் அனாக்’ என்றனர். சீனரோ இதன் நெருங்கிய இனமொன்றை ‘இலைக்கீழ் முத்து’ என்றனர். மூவினத்தாரும் கூர்ந்து நோக்கிய மூலிகை இது. மஞ்சள் காமாலைக்கு இதனை அரைத்து மோரில் கலந்து அருந்துவது நம் முன்னோர் வழக்கு.

அவ்வழக்கு ஆய்வுக்கு உட்பட்ட வரலாறு நாம் அறியத்தக்கது. கல்லீரலைத் தாக்கும் ‘பி’ வகை நச்சுயிரி பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க். இம்மூலிகைச் சாறு அந்நச்சுயிரியின் பெருக்கத்துக்குத் தேவையான நொதியைத் தடுப்பதாக அவர் குழுவினர் 1987இல் அறிவித்தனர். மறு ஆண்டே, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜனும் அக்குழுவினரும் இணைந்து நடத்திய சோதனையின் முடிவு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் நச்சுயிரியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தற்ற போலிப்பொடி உண்ட 23 பேருள் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. தமிழ் மருத்துவம் வென்றது எனப் பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் வரலாறு அங்கு முடியவில்லை. 1990இல் தாய்லாந்தில் நடந்த சோதனையில் அப்பயன் காணப்படவில்லை. பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2011இல் வெளியான மதிப்பீடும், போலிமருந்தினும் இம்மூலிகை மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே கூறிற்று.

அங்ஙனமாயின், முன்னோர் கண்ட பயன் பொய்யோ? காமாலை என்பது தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. அவற்றுட் சில, மருந்தின்றியே சில வாரங்களில் தணிவன. அக்காலத்தில் மூலிகை உண்டவர் நலம்பெற்றால், புகழ் மூலிகைக்கே சென்றிருக்கும். உண்டோரையும் உண்ணாதோரையும் ஒப்பிடாமல் உண்மை விளங்காது. அன்றியும், இனம், விளைந்த நிலம், சாறு எடுக்கும் முறை ஆகியன மாறினால் மூலிகையின் பண்பும் மாறக்கூடும்.

சோதனை சில வேளை எதிர்பாராத செல்வத்தையும் தரும். நீரிழிவுக்கு உதவுமா எனக் கனடாவில் ஆராயப்பட்ட நித்தியகல்யாணி இலையிலிருந்தே, 1958இல், புற்றுநோய்க்குரிய ‘வின்பிளாஸ்டின்’ கிடைத்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று.

சிங்கப்பூரோ நோய் வருமுன் காக்கும் வழியை மேற்கொண்டது. நச்சுயிரியைத் தாங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்கு 1985இலும், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் 1987இலும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது.

ஆசிரியப் பெருமக்கள் கீழாநெல்லியைப் பற்றிக் கூறுங்கால் 1988ஆம் ஆண்டோடு நின்றுவிடலாகாது. 1990ஐயும் 2011ஐயும் சேர்த்தே கூறவேண்டும். பாதி வரலாற்றை நம்பி, கண் மஞ்சளித்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாது காலங்கடத்தும் பெற்றோர் உண்டானால், அப்பழியில் நமக்கும் பங்குண்டு. முன்னோர் மூலிகையைக் கூர்ந்து நோக்கினர். அந்நோக்கைச் சோதனையால் நிறைவு செய்வதே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பாகும்.