ஒட்டுறவுக் கெழுவும் அளவு மாற்றமும்

இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்கும் போக்கை −1 முதல் +1 வரையிலான ஒரே எண்ணில் சொல்வது ஒட்டுறவுக் கெழு. அலகு மாறினாலும் இந்த எண் மாறாது. கெழு பிறந்ததே அதற்காகத்தான். 1888இல் பிரான்சிஸ் கால்டன் மனிதர்களின் உயரத்தையும் முன்கை நீளத்தையும் ஒப்பிட்டபோது, இரண்டின் பரவலும் வேறுவேறாக இருந்ததால், ஒவ்வொன்றையும் அதனதன் பரவலாலேயே வகுத்தார், 0.8 கிடைத்தது. 1896இல் கார்ல் பியர்சன் திட்டவிலக்கத்தைக் கொண்டு இன்றைய வாய்பாட்டை நிலைநிறுத்தினார். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், தொலைதூர ஊர்களின் காற்றழுத்தத்தையும் நம் பருவமழையையும் இணைத்துப் பார்க்க முடிந்தது அலகுக்கு அசையாத இந்தப் பண்பால்தான்.

கன்னடியன் கால்வாய் பாயும் கல்லிடைக்குறிச்சியில் இதை விளக்குவது எளிது. மலையில் பெய்யும் மழை மில்லிமீட்டரிலும், பாபநாசம் அணையின் நீர்மட்டம் இன்றும் அடியிலும் சொல்லப்படுகின்றன. பழைய பதிவுகளில் அங்குலத்தில் இருக்கும் மழையை மில்லிமீட்டருக்கு மாற்ற 25.4ஆலும், நீர்மட்டத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்ற 0.3048ஆலும் பெருக்குகிறோம். கெழு என்பது, இரண்டும் சேர்ந்து மாறுவதை அளக்கும் உடன்மாறுபாட்டைத் திட்டவிலக்கங்களின் பெருக்குத்தொகையால் வகுத்தது. இந்த மாற்றத்தால் உடன்மாறுபாடு சுமார் 7.74 மடங்காகிறது. திட்டவிலக்கங்களின் பெருக்குத்தொகையும் அதே 7.74 மடங்காகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பழைய கெழுவே நிற்கிறது. ஆதிப்புள்ளியை நகர்த்தினாலும் அப்படியே. பாரன்ஹீட்டிலிருந்து 32ஐக் கழிப்பதால் கெழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை.

குறி மட்டும் புரளலாம். நீர்மட்டத்துக்குப் பதிலாக, அணையின் முழு மட்டமான 143 அடி நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும் என்று எழுதி வைத்தால், 0.6 ஆக இருந்த கெழு −0.6 ஆகிவிடும். உறவின் வலிமை குறையவில்லை, திசைதான் திரும்பியது.

மடக்கை எடுப்பது வேறு கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதைப் போன்ற ஒரு பெருமழை, கெழுவைத் தன் பக்கம் இழுத்துவிடும். மடக்கை அந்த இழுப்பைத் தளர்த்துவதால் கெழு மாறும். 1904இல் சார்லஸ் ஸ்பியர்மன் தந்த தர ஒட்டுறவு, வரிசையை மட்டுமே பார்ப்பதால் மடக்கைக்கும் அசையாது.

உண்மையான ஆபத்து கலப்பில் இருக்கிறது. எடை, அளவைச் சட்டம் 1956இல் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய அங்குலக் கணக்கையும் பிந்தைய மில்லிமீட்டர் கணக்கையும் ஒரே பத்தியில் அப்படியே அடுக்கினால் கெழு பொய் சொல்லும்; எல்லா வரிகளுக்கும் ஒரே மாற்றம் செய்தால்தான் மாறாமை செல்லும். பழைய மழைப் பதிவேட்டைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அலகைப் பாருங்கள், கெழுவை அப்புறம் கணக்கிடுங்கள்.