மிளகாய் வந்த வழியும் எங்கள் வீட்டுச் சாடியும்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்புடன் பணித்தனர். வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கல்வெட்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எழுதுதற்குரிய அறிஞர் நம் சங்கத்தில் பலர் உளர். எனக்குத் தெரிந்த வரலாறோ, தேவ்நாரில் என் வீட்டுப் பலகணியில் பழைய எண்ணெய்த் தகரங்களில் வளர்ந்து நிற்கும் எட்டு மிளகாய்ச் செடிகளின் வரலாறு. அவற்றின் பழங்களை உப்பும் புளியும் கூட்டி இடித்து ஆண்டுதோறும் சாடியில் வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அச்சாடியை முன்வைத்தே சில செய்திகளைச் சொல்லத் துணிந்தேன்.

மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நம்மால் எண்ணிப் பார்க்க இயலாது. ஆயினும் சங்கச் சான்றோர் எவரும் மிளகாயைக் கண்டவர் அல்லர். அவர்கள் கண்டது மிளகு. 'கறி' என்று அவர்கள் வழங்கிய சொல் மிளகையே குறித்தது. முசிறித் துறைக்குப் பொன்னொடு வந்த யவனர் கலங்கள் மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறு சொல்கின்றது. சோழர் காலத்துக் கோயில் அடுக்களையிலும் காரம் என்றால் மிளகே. இன்றும் நம் இல்லங்கள் சிலவற்றில் நீத்தார் கடன் செய்யும் நாளில் மிளகாயை அடுப்பங்கரைக்குள் விடுவதில்லை; மிளகு மட்டுமே அன்று செல்லும். திருக்கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் அம்முறை நிலைத்துள்ளது. மிளகாய் வருமுன் நம் முன்னோர் எவ்வாறு உண்டனர் என்பதை அறிய விரும்புவோர் ஏடுகளைப் புரட்ட வேண்டா. தேவசத்துச் சமையலை உண்டு பார்த்தால் போதும்.

பெயரே இதற்குச் சான்று பகர்கின்றது. மிளகு போன்று காரும் காய், மிளகாய். தெலுங்கில் மிரபகாய, கன்னடத்தில் மெணசினகாயி. இவையும் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்தவையே. மலையாளத்தாரும் சிங்களவரும் ஒருபடி மேலே சென்றுவிட்டனர். மலையாளத்தில் வெறும் 'முளகு' என்றால் இன்று மிளகாயைக் குறிக்கும். பழைய உரிமையாளனாகிய மிளகுக்குக் 'குருமுளகு' என்று அடைமொழி தேவைப்படுகின்றது. சிங்களத்தில் 'மிரிஸ்' மிளகாய். மிளகு 'கம்மிரிஸ்' ஆகிவிட்டது. விருந்தினன் வந்து வீட்டுக்காரன் பெயரைப் பெற்றுக்கொண்டான் எனலாம். ஈழத்தின் சில பகுதிகளில் மிளகாயைக் கொச்சிக்காய் என்பர். பம்பாய்ப் பகுதியிலோ முன்னாளில் அதனைக் 'கோவாய் மிர்ச்சி', அஃதாவது கோவாவின் மிளகு, என்று அழைத்தனர். ஒவ்வோர் ஊரும் தனக்கு எத்துறை வழியே அப்பொருள் வந்ததாகக் கருதியதோ, அத்துறையின் பெயரைச் சூட்டிவிட்டது.

அது பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ முதல் பொலிவியா வரை வாழ்ந்த பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டு உண்டு வந்தனர். 1492இல் மேற்கு நோக்கிச் சென்ற கொலம்பஸ் தேடியது நம் மிளகை; கண்டது மிளகாயை. இந்தியாவை அடைந்துவிட்டதாக மயங்கிய அவர் அதையும் மிளகின் இனமாகவே எண்ணினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கும் குழப்பம் அம்மயக்கத்தின் எச்சமாகும். 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510இல் போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றினர். பிரேசிலும் அவர்கள் கையில் இருந்தது. இவ்விரு கரைகளுக்கும் இடையே சென்றுவந்த கப்பல்களில்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது.

வந்த வேகம் வியப்புக்குரியது. ஜெர்மானிய அறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியின் படத்தை அழகாக வரைவித்து, அதற்குக் 'கோழிக்கோட்டு மிளகு' என்று பெயரும் இட்டார். கொலம்பஸ் கண்டு ஐம்பதே ஆண்டுகள்! அதற்குள் அது இந்தியப் பொருள் என்றே ஐரோப்பியர் நம்பத் தலைப்பட்டனர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஒர்த்தா 1563இல் அங்கேயே அச்சிட்டு வெளியிட்ட நூலில் இந்நாட்டு மருந்துப் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பம்பாய்த் தீவையே குத்தகைக்குப் பெற்றிருந்தவர் அவர். மிளகுக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவர் மிளகாய்க்கு வகுக்கவில்லை. அறிஞர் கண்ணில் படத்தக்க மதிப்பு அதற்கு அன்று இல்லை போலும். மாலுமிகளின் மூட்டையிலும் அடுக்களைப் பெண்டிரின் முந்தானை முடிச்சிலும் அது ஊர் ஊராகச் சென்றது என்று யான் கருதுகிறேன்.

ஏன் அவ்வளவு விரைவில் பரவியது? மிளகு மலைச்சாரலில் மரத்தைப் பற்றிப் படரும் கொடி. அதற்கு மழையும் நிழலும் வேண்டும். காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். விளைந்தபின் வணிகன் கைக்குச் சென்று, விலையேறியே நம்மிடம் வரும். மிளகாயோ விதைத்த மூன்று நான்கு திங்களில் காய்க்கும். இராமநாதபுரத்துக் கரிசல் மானாவாரியிலும் குடிசைக் கொல்லையிலும் ஒன்றுபோல் வளரும். வெயிலில் உலர்த்தினால் ஆண்டு முழுதும் கெடாது. பொன் கொடுத்து வாங்கிய காரத்தை ஏழை தன் வாசலில் பறித்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. இதனை ஒரு புரட்சி என்று எந்த வரலாற்று நூலும் எழுதக் காணேன், எழுதியிருக்க வேண்டும்.

இனி, நாம் வாழும் இவ்வூருக்கு வருவோம். 1534இல் பம்பாயும் சாஷ்டியும் வசாயியும் போர்த்துக்கீசியர் வசமாயின. பம்பாய்த் தீவுகள் 1661இன் திருமண ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர்க்குச் சென்ற பின்னும், சாஷ்டிப் பகுதி 1739இல் மராத்தியர் வெல்லும் வரை போர்த்துக்கீசியரிடமே இருந்தது. ஆகவே மிளகாய் நம் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்த வழியிலேயே நாம் இன்று குடியிருக்கிறோம். செம்பூர்–தேவ்நார் வட்டாரத்துப் பழைய காவ்தன்களில் வாழும் ஈஸ்ட் இந்தியர் எனப்படும் கிறித்தவ மக்கள் கோடையில் மிளகாயையும் பிற மசாலைச் சரக்குகளையும் வறுத்து இடித்துக் கருநிறப் பீர் போத்தல்களில் அடைத்து வைப்பர். 'பாட்டில் மசாலா' என்பது அதன் பெயர். கோவாவினர் செம்மிளகாயையும் பூண்டையும் காடியில் அரைத்து 'ரெஷாத்' என்னும் சாந்து செய்வர். மராத்தியர் பச்சை மிளகாயைப் பூண்டும் உப்பும் கூட்டி இடித்து 'டேச்சா' என்பர். ஒரே காய், அடுக்களைக்கு ஒரு பெயர்.

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. தந்தையார் துரோம்பேத் தொழிற்சாலை ஒன்றில் பணி செய்தார். அன்னையார் ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்களுள் ஓர் அம்மியும் ஒரு பீங்கான் சாடியும் ஒரு துணி முடிச்சில் மிளகாய் விதையும் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டார்க்கு எதிரான கூக்குரல் எழுந்ததைப் பெரியோர் மறந்திரார். யான் அப்போது சிறுவன். வெளியில் தமிழில் உரக்கப் பேச வேண்டா என்று தந்தையார் எச்சரித்தது நினைவிருக்கிறது. அந்நாள்களிலும் அன்னையார் சாடியைத் திறந்தால், அடுத்த வீட்டு மராத்தி மூதாட்டியார் கிண்ணத்தோடு வந்து நிற்பார். "உங்கள் மதராஸ் மிர்ச்சி கொஞ்சம் கொடு, மகளே" என்பார். கடல் கடந்து இக்கரையில் இறங்கி, இங்கிருந்து ஆர்க்காட்டுக்குச் சென்ற பொருள், மீண்டும் இங்கு வந்தபோது மதராசுப் பொருளாகிவிட்டது. எவரும் அதனை வெளியூரார் என்று சொல்லவில்லை.

செய்முறையை அன்னையார் எழுதி வைத்ததில்லை. கைக்கணக்கே கணக்கு. அவர் கையைப் பார்த்துப் பின்னர் யான் நிறுத்துக் கண்ட அளவு இது. நன்கு பழுத்துச் சிவந்த, உலராத பழம் ஒரு கிலோ. காம்பு களையுமுன் கழுவுதல் வேண்டும்; களைந்தபின் கழுவினால் நீர் உள்ளே புகும். துணியால் துடைத்து நிழலில் ஈரம் அற உலர்த்திக் காம்பு நீக்குக. கல்லுப்பு 200 கிராம், கொட்டை நீக்கிய பழம்புளி 200 கிராம், சிறிது மஞ்சள். பழத்தையும் உப்பையும் ஒன்றிரண்டாக இடித்து, புளியை நடுவே பொதிந்து சாடியில் அழுத்தி, வாயைத் துணியால் கட்டிவிடுக. மூன்றாம் நாள் புளி ஊறியிருக்கும். அப்போது எடுத்து நைய அரைத்து மீண்டும் சாடிக்கு மாற்றுக. வேண்டும்போது சிறிதளவு எடுத்து, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, வறுத்த வெந்தயப் பொடி தூவிக் கொள்ளலாம். ஆந்திர நாட்டார் இதனையே 'பண்டுமிரபகாய பச்சடி' என்பர். எங்கள் ஊர் எல்லையில் இருந்தமையால், இது யாருடையது என்ற வழக்கை யான் தொடங்கப் போவதில்லை.

உப்பு மிகுந்த இடத்தில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைப்பதில்லை. உப்பைப் பொறுக்கும் சில மட்டும் பழத்தின் இனிப்பைப் புளிப்பாக மாற்றும். தோசை மாவு புளிப்பதற்குக் காரணமானவையும் இவ்வினத்தனவே. காரத்தைப் பற்றியும் ஒரு சொல். மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள் நாவின் சுவை நரம்புகளைத் தொடுவதில்லை. சுடுபொருளை உணரும் நரம்பு வாயிலையே தட்டுகின்றது. அவ்வாயிலைக் கண்டறிந்தமைக்காகவே டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நெருப்புக்கும் மிளகாய்க்கும் 'எரிகிறது' என்று ஒரே சொல்லை வழங்கும் நம் பாட்டிமார்க்கு இச்செய்தி புதுமையாக இராது.

இவ்வேலை நம் நாட்டிற்கே உரியது என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் லூயிசியானாவில் எட்மண்ட் மக்கில்ஹென்னி 1868இல் டபாஸ்கோ என்னும் மிளகாய்ச் சாற்றைச் செய்யத் தொடங்கினார். அங்கும் உப்பிட்டு இடித்த பழமே அடிப்படை. ஓக்கு மரப் பீப்பாய்களில் மூன்றாண்டு வரை முதிரவிட்டுக் காடி கலக்கின்றனர். 1970களின் இறுதியில் வியட்நாமை விட்டு ஏதிலியாகப் புறப்பட்ட டேவிட் ட்ரான் என்பார், ஹுய் ஃபாங் என்னும் பெயருடைய சரக்குக் கப்பலில் ஏறி வந்தவர். 1980இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மிளகாய்ச் சாந்து செய்யத் தொடங்கி, அக்கப்பலின் பெயரையே தம் தொழிலுக்குச் சூட்டினார். சாந்துக்குச் சிராச்சா என்னும் தாய்லாந்து நகரத்தின் பெயர். புலம்பெயர்ந்தவன் கையில் முதலில் சிக்குவது தன் ஊர்க் காரம் போலும்.

இன்று நம் பிள்ளைகள் அவ்விரு போத்தல்களையும் அறிவர். வீட்டுச் சாடியை அறியார். குற்றம் அவர்களுடையது மட்டும் அன்று. அன்னையார் மறைந்த ஆண்டு, அவர் நினைவாக ஆடி மாதத்து அடைமழையில் யான் சாடி வைத்தேன். ஈரக் கரண்டியை இட்டு எடுத்தேன். பத்தாம் நாள் மேற்புறம் முழுதும் வெண்பூசணம். மேலே வழித்து எறிந்துவிட்டு உண்ணலாம் என்றனர் சிலர், அது தவறு, முழுவதையும் கொட்டிவிட்டேன். அதன்பின் பல ஆண்டுகள் சாடி பரணில் கிடந்தது. அன்னையார் ஏன் மாசியில் மட்டும் வைத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. மழை நீங்கி நட்ட செடி தையில் பழுக்கும். மாசியில் காற்றில் ஈரம் குறைவு. இவ்வளவுதான் காரணம். அதனை அறியப் பத்தாண்டு ஆயிற்று.

இப்போது எட்டுச் செடிகள் உள்ளன. சென்ற ஆண்டு இரண்டு, இலை சுருண்டு வீணாயின. எஞ்சியவை முக்கால் கிலோ தந்தன. குறையை மாட்டுங்கா கடைத்தெருவில் வாங்கி நிரப்பினேன். இவ்வாண்டு வாங்கவில்லை. நேற்று முன்தினம் பேத்தி, தராசில் உப்பை நிறுத்துத் தன் ஏட்டில் குறித்துக்கொண்டாள். கல்லுப்பைக் கையால் அள்ளியதும் எவ்வளவு என்று சொல்லிப் பார்த்தாள். இருபது கிராம் தவறினாள். நாளை மூன்றாம் நாள், அரைக்க வேண்டும். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.