ரியோஸ் மொண்ட்: சொந்த நாட்டு நீதிமன்றமே இனப்படுகொலைக் குற்றவாளியாக்கிய ஜெனரல்

குவாத்தமாலாவை ஜெனரல் எஃப்ராயின் ரியோஸ் மொண்ட் ஆண்டது பதினேழு மாதங்களுக்கும் குறைவு. ஆனால் 1960 முதல் 1996 வரை நீடித்த அந்நாட்டுப் போரின் மிகக் கொடிய கட்டம் இன்றும் அவருடைய பெயரோடுதான் பேசப்படுகிறது.

1926 ஜூன் 16 இல் பிறந்த அவர் இளவயதிலேயே இராணுவத்தில் சேர்ந்து ஜெனரலானார். 1974 ஜனாதிபதித் தேர்தலில் எதிரணி வேட்பாளராக நின்றார். வெற்றி மோசடியாகப் பறிக்கப்பட்டது என்றே பரவலாக நம்பப்படுகிறது. பின்னர் ஸ்பெயினுக்கு இராஜதந்திரப் பதவியில் அனுப்பப்பட்டார். 1978 இல் கத்தோலிக்கத்தை விட்டு ஒரு சுவிசேஷ சபையில் இணைந்தார். அவருடைய சகோதரர் மரியோ கத்தோலிக்க ஆயர். போர்க்கால அட்டூழியங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்ட இரண்டு நாட்களில் ஆயர் ஜெரார்டி 1998 இல் கொல்லப்பட்டபோது, அந்த மனித உரிமை அலுவலகத்தைப் பொறுப்பேற்றவர் இந்தச் சகோதரர்தான்.

1982 மார்ச் 23 சதிப்புரட்சி ரியோஸ் மொண்டை ஆட்சியில் அமர்த்தியது. ஞாயிறு தோறும் தொலைக்காட்சியில் ஒழுக்கம் போதித்தார். அதே நேரத்தில் மலைநாட்டில் மாயாக் கிராமங்கள் எரிந்தன. 'அவரையும் துப்பாக்கியும்' என்பது திட்டத்தின் பெயர்: பணிந்தால் உணவு, மறுத்தால் சூடு. ஆண்கள் கட்டாயமாக ஊர்காவல் படைகளில் சேர்க்கப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் இராணுவம் அமைத்த 'மாதிரிக் கிராமங்களில்' கண்காணிப்பின் கீழ் குடியேற்றப்பட்டனர். இவை எப்படிப்பட்ட இடங்கள் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1982 டிசெம்பரில் அவரைச் சந்தித்த அமெரிக்க ஜனாதிபதி ரீகன், அவர் மீது வீண்பழி சுமத்தப்படுவதாகச் சொன்னார். அதே வாரத்தில் தோஸ் எர்ரெஸ் கிராமத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோரை இராணுவம் கொன்றது.

1983 ஓகஸ்ட் 8 இல் அவருடைய பாதுகாப்பு அமைச்சரே அவரைக் கவிழ்த்தார். அதோடு கதை முடியவில்லை. கட்சி தொடங்கினார், பாராளுமன்றத் தலைவரானார், 2003 இல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்று தோற்றார். போரில் சுமார் இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனதாகவும், 93 வீதமான மீறல்களுக்கு அரசும் அதன் துணைப்படைகளுமே பொறுப்பு என்றும், மாயாக் குழுக்களுக்கு எதிராக இனப்படுகொலைச் செயல்கள் நடந்ததாகவும் ஐ.நா. ஆதரவுடனான உண்மை ஆணைக்குழு 1999 இல் சொல்லியிருந்தது. அதன் பிறகும் அவர் பாராளுமன்றத்தில்தான் இருந்தார்.

அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவர்கள் உயிர் தப்பியவர்களே. சங்கமாகத் திரண்டு 2001 இல் முறைப்பாடு செய்தார்கள். 2012 ஜனவரியில் அவருடைய பாராளுமன்ற விலக்குரிமை முடிந்தது. அந்த மாதமே குற்றம் சாட்டப்பட்டது. பதினொரு வருடக் காத்திருப்பு அது. விசாரணை 2013 மார்ச்சில் தொடங்கியது. இஷில் பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, தாங்கள் அனுபவித்த பாலியல் வன்முறையைத் தங்கள் மொழியில் சாட்சியமாகச் சொன்னார்கள். புதைகுழிகளைத் தோண்டிய தடயவியலாளர்கள் எலும்புகள் பற்றிப் பேசினார்கள். இராணுவத்தின் சொந்த நடவடிக்கைத் திட்ட ஆவணங்கள் மேசைக்கு வந்தன. தான் களத்தளபதி அல்ல என்பது ஜெனரலின் வாதம். ஆனால் இராணுவத்தைக் கட்டுப்படுத்த முடியாவிட்டால் தான் அங்கே என்ன செய்துகொண்டிருப்பதாக 1982 இல் ஒரு படப்பிடிப்பாளரிடம் அவரே கேட்டிருந்தார். அந்தக் காட்சியும் நீதிமன்றத்தில் ஓடியது. கட்டளைப் பொறுப்பு பற்றி இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

மே 10 அன்று நீதிபதி யஸ்மின் பாரியோஸ் தீர்ப்பை வாசித்தார். 1,771 இஷில் மக்களின் கொலைக்காக, இனப்படுகொலைக்கு 50 வருடமும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு 30 வருடமும் சிறை. முன்னாள் அரச தலைவர் ஒருவர் தன் நாட்டு நீதிமன்றத்திலேயே இனப்படுகொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டது அதுவே முதன்முறை.

பத்து நாட்கள்தான். மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அரசியலமைப்பு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டித் தீர்ப்பை இரத்துச் செய்தது. மறுவிசாரணை இழுபட்டது. மறதிநோய் காரணமாகத் தண்டிக்க முடியாதவர் என்று 2015 இல் முடிவானது. 2018 ஏப்ரல் 1 இல், 91 வயதில், சட்டப்படி குற்றவாளி அல்லாதவராக அவர் இறந்தார்.

அவ்வருடம் செப்டெம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அவருடைய புலனாய்வுத் தலைவரை விடுதலை செய்தது. அதே தீர்ப்பில், இஷில் மக்களுக்கு எதிராக இராணுவம் இனப்படுகொலை செய்தது என்று பதிவும் செய்தது.